பத்தடி குறைந்த ஏணி

உயரம் என்றால் எனக்குப் பயம். இதைச் சொல்ல இன்று எனக்குக் கூச்சமில்லை. ஆனால் இருபத்துமூன்று வயது வரை இந்த விஷயம் எனக்கே தெரியாது. தெரிந்த அன்று, என்னோடு சேர்த்து எண்பது பெண்களுக்கும் தெரிந்துபோயிற்று.

யுத்தம் தொடங்கியிருந்த சமயம். பெங்களூர் கண்டோன்மெண்டில் ஒரு தீ இன்ஷூரன்ஸ் ஆபீசில் நான் குமாஸ்தா. எங்கள் துரை ஆலைகளுக்குப் போய், தீப்பிடித்தால் எப்படிப் பரவும், உள்ளே இருப்பவர்கள் எந்த வழியாக வெளியேறுவார்கள் என்றெல்லாம் பார்த்து அறிக்கை எழுதுவார். அதை டைப் அடிப்பது என் வேலை. இரண்டு வருஷம் டைப் அடித்ததில் அந்த வித்தை முழுவதும் எனக்கு வந்துவிட்டதாக ஒரு நம்பிக்கை. (சமையல் புத்தகம் அச்சடித்தவன் கரண்டியைப் பிடித்த கதை.) துரை மஞ்சள் காமாலையில் படுத்தபோது, ஊருக்கு மேற்கே ஒரு நூற்பாலையைப் பார்த்துவர என்னை அனுப்பினார்கள். அண்ணனின் கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு பிரேசர் டவுனிலிருந்து கிளம்பினேன்.

ஆலை மேனேஜர் சேஷாத்ரி காப்பி கொடுத்து வரவேற்றார். “துரை வரலையா சார்?” என்றார்.

“நான் வந்திருக்கேனே,” என்றேன். அந்தத் தொனியை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

இரண்டாவது மாடியில் நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றும் பகுதி. எண்பது பெண்கள் வேலை செய்தார்கள். ஜன்னல் விளிம்பு, உத்தரம், தலைமுடி எங்கும் பஞ்சுத் தூசி. ஏறி இறங்க ஒரு கோடியில் ஒரே ஒரு மரப்படிக்கட்டு. மறுகோடியில் ஒரு கதவு, அதில் பெரிய பூட்டு.

“நூல் திருட்டு, சார்,” என்றார் சேஷாத்ரி. “சாவி கேட்ல இருக்கு. ஏதாவதுன்னா ஒரு நிமிஷத்துல வந்துடும்.”

நான் நோட்டுப் புத்தகத்தில், ‘இரண்டாவது வழி: உண்டு’ என்று எழுதினேன்.

“இன்னா எழுதினீங்க சார்?” என்று பக்கத்திலிருந்து ஒரு குரல். நாற்பது வயதிருக்கும். அந்தப் பகுதிக்கு மேஸ்திரி மாதிரி இருந்தவர், பெயர் முனியம்மா. எழுதியதைப் படித்துக் காட்டினேன்.

“வழியா? போன வருசம் படிக்கட்டாண்ட தூசி பத்திக்கிச்சு. எல்லாரும் இந்தக் கதவுக்குத்தான் ஓடியாந்தோம். தட்டுனோம், கத்துனோம். குடிக்கிற தண்ணிய ஊத்தி நாங்களே அணைச்சோம். அதுக்கப்புறம் வந்துச்சு சாவி. அந்த நெரிசல்ல இவ கை ஒடிஞ்சுது.” அருகில் ஒரு பெண் முழங்கை கோணிய கையோடு சிட்டம் சுற்றிக்கொண்டிருந்தாள். ராஜம்மா என்று பெயர். அவள் தலை நிமிரவில்லை.

“சின்ன விஷயம், சார்,” என்று சேஷாத்ரி அவசரமாகச் சொன்னார். “அதோட, ஜன்னலுக்கு வெளியே இரும்பு ஏணி வேற இருக்கு.”

“பொடவை கட்டிக்கினு அதுல யாரு எறங்கறது?” என்றார் முனியம்மா.

அங்கேயாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். “ஏன் முடியாது? நான் இறங்கிக் காட்டறேன்,” என்று ஜன்னலில் காலைத் தூக்கி வைத்தேன்.

முதல் ஆறு படி கம்பீரமாகவே இறங்கினேன். ஏழாவதில் கீழே பார்த்தேன். தரை அங்கே இல்லை; எங்கோ இருந்தது. இரண்டு கையாலும் ஏணியைக் கட்டிக்கொண்டேன். ஜெபம் செய்யலாம் என்று பார்த்தால், சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபம்தான் நினைவுக்கு வந்தது. அதையே இரண்டு முறை சொன்னேன். மேலே எல்லா ஜன்னலிலும் முகங்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

“கீழ பாக்காத கண்ணு,” என்றது முனியம்மாவின் குரல். (‘சார்’ போய்விட்டிருந்தது.) “என் மூஞ்சிய மட்டும் பாரு. வலது கால எடு. கீழ வை. வெச்சியா? இப்ப அடுத்த கால்.”

அப்படியே ஒவ்வொரு படியாக இறக்கினார். நடுவில் நான் நின்று அழுததைக் கணக்கில் சேர்க்கவில்லை. கடைசியில் வலது கால் துழாவியது, படி அகப்படவில்லை. ஏணி முடிந்துவிட்டிருந்தது. தரையோ இன்னும் பத்தடி கீழே. திருடர்கள் ஏறக் கூடாதென்று அடிப்பகுதியை அறுத்திருந்தார்களாம்.

கேட் காவலாளி இரண்டு ஆட்களோடு ஒரு பஞ்சுப் பொதியை உருட்டி வந்தார். “ஹெதரபேடி, சுவாமி! பயப்படாம குதிங்க!”

நான் குதித்தேன் என்று சொல்ல முடியாது. கை விட்டுவிட்டது. அண்ணனின் கோட்டு முதுகில் மேலிருந்து கீழ்வரை இரண்டாகக் கிழிந்தது. நான் ஜன்னலில் கால் வைத்து இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது.

சேஷாத்ரி என்னைத் தம் அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். “இது நமக்குள்ளயே இருக்கட்டும், சார். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்களும் வழி ரெண்டு இருக்குன்னு மட்டும் எழுதிடுங்க, போதும்.”

சரி என்றுதான் சொன்னேன். பொய் சொல்லி வீரனாக இப்போது விருப்பமில்லை.

வெளியே வந்தபோது சங்கு ஊதிவிட்டது. பெண்கள் அந்த ஒற்றைப் படிக்கட்டில் இடித்துக்கொண்டு இறங்கினார்கள். மற்றவர்கள் இறங்கும்வரை ராஜம்மா மட்டும் மேற்படியில், கோணிய கையை மார்போடு அணைத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

“கும்பல் கரைஞ்சாத்தான் அவ எறங்குவா,” என்றார் முனியம்மா. “தெனமும் இப்படித்தான். நெருப்பு வந்தா இன்னா பண்ணுவாளோ.”

அன்றிரவு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏணி உதவாது என்று எழுதினால், எப்படித் தெரியும் என்று ஆபீசில் கேட்பார்கள். அதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி நான்தான்.

மறுநாள் டைப் அடித்தேன். கதவு, பூட்டு, போன வருஷத் தீ, ஒடிந்த கை எல்லாம் எழுதினேன். பிறகு: ‘ஏணி சோதித்துப் பார்க்கப்பட்டது. இறங்கியவர் இருபத்துமூன்று வயது ஆண்; கால்சட்டை அணிந்தவர். பட்டப்பகல், புகையில்லை, தீயில்லை. மேலிருந்து ஒருவர் ஒவ்வொரு படிக்கும் வழி சொல்லியும் இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. ஏணி தரையைத் தொடவில்லை. ஏணி உறுதியாக இருக்கிறது. பரிசோதகர் உறுதியாக இல்லை.’

உடம்பு தேறி வந்த துரை, இன்னும் மஞ்சள் மாறாத கண்களோடு அதைப் படித்தார். உண்மையா என்று கேட்டார். தலையாட்டினேன். ஓர் எழுத்தும் மாற்றாமல் மெட்ராஸ் தலைமை ஆபீசுக்கு அனுப்பினார். அங்கே விழுந்து விழுந்து சிரித்தார்களாம். பல மாதம் அங்கிருந்து வந்த கடிதங்களில், ‘பரிசோதகர் இப்போது உறுதியாக இருக்கிறாரா?’ என்று ஒரு வரி இருக்கும். ஆனால் அந்தப் பூட்டை எடுக்காமல் பாலிசியைப் புதுப்பிக்க முடியாது என்று ஆலைக்கும் எழுதிவிட்டார்கள்.

ஆறு மாதம் கழித்து நானாகவே ஆலைக்குப் போனேன். பூட்டு இல்லை. கதவு வெளிப்பக்கம் திறந்தது. அங்கிருந்து அகலமான கல் படிக்கட்டு இறங்கியது. முனியம்மா என்னையே தள்ளித் திறக்கச் சொன்னார். சங்கு ஊதியதும் ராஜம்மா அந்த வழியாக, யாரோடோ பேசிக்கொண்டே இறங்கிப் போனாள். என்னை அவள் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஆலையில் தீப்பிடித்ததாக நான் கேள்விப்படவில்லை. ஆகவே யாரையும் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. தரைத்தளத்துக்கு மேல் என்னைத் துரை அனுப்பவுமில்லை.

வீட்டில்தான் இது ஓயவில்லை. குழம்பு தீய்ந்தால் என் மனைவி, “அடுப்பு உறுதியாத்தான் இருந்துச்சு,” என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வாள். ஒருமுறை என் மகள் கணக்கில் தோற்றுவிட்டு, மார்க் அட்டையில் கையெழுத்து வாங்க வந்தாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன்.

“அப்பா, கேள்வித்தாள் உறுதியா இருந்துச்சு,” என்றாள்.

மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.