அமெரிக்கர் அல்லாதவரின் ஐந்து நிமிடம்

"நீங்கள் யார்?" என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரனின் குறைகளையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, "அது நான் இல்லை" என்று முடிக்கிற ஒரு தினுசு மனிதர் கனடாவில் ஏராளம். இந்த இனத்துக்கு 'அமெரிக்கர் அல்லாதவர்' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

மரே டெட்ஃபர்ட் இதில் அசல் சரக்கு. ஒன்டாரியோவில் ஆற்றங்கரை ஊர். சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கரையில் அமெரிக்கா. காலையில் காபியும் கையுமாக நின்று அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாவிட்டால் மனிதருக்குப் பொழுது ஓடாது. வெளிநாடு போனால் முதுகுப்பையில் கனடாவின் மேப்பிள் இலைக் கொடி ஒன்று, தொப்பியில் ஒன்று, பெட்டியில் இரண்டு. ரோமில் ஓட்டல்காரன் ஒருவன் தெரியாத்தனமாக "அமெரிக்காவா?" என்று கேட்டதற்கு, அவர்கள் கத்திப் பேசுவார்கள் நாங்கள் மாட்டோம், அவர்கள் துப்பாக்கி எடுப்பார்கள் நாங்கள் மன்னிப்புக் கேட்போம், அவர்களுக்கு நோய் வந்தால் பில் வரும் எங்களுக்கு இலவச ஆஸ்பத்திரியில் வரிசைதான் வரும் என்று அரைமணி நேரம் பாடம் நடத்தி, அவன் கொண்டுவந்த சூப்பை ஆறவைத்தவர். பெட்ரோலும் சீஸும் வாங்க வாராவாரம் பாலம் தாண்டி எங்கே போகிறார்? அதைக் கேட்கக் கூடாது.

புதிதாகக் குடியுரிமை பெற்றவர்களுக்கு பனித்தரையில் கல்லைத் தள்ளி விளையாடும் ஊர் கர்லிங் கிளப்பில் ஆண்டுதோறும் மதிய விருந்து உண்டு. அதில் 'கனடியன் என்றால் யார்?' என்று ஐந்து நிமிடம் பேசுவது ஒன்பது வருடமாக மரேயின் ஏகபோகம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஊரில் அவருக்கு மிஞ்சியிருந்த மரியாதை அந்த ஐந்து நிமிடம்தான். இந்த முறை விருந்தை நடத்தும் கிளெண்டா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"சாரி மரே, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வருஷம் அமெரிக்காவைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. போன வருஷம் உங்க பேச்சைக் கேட்டுட்டு ரெண்டு பேர், அங்கயே போய்க் குடியேற விசா எப்படி வாங்கறதுன்னு எங்கிட்ட விசாரிச்சாங்க. முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"சாரி, சாரி! தாராளமா முடியும்" என்றார் மரே.

பழைய பேச்சை மேஜையில் பரப்பி, சிவப்புப் பேனாவால் அடிக்க ஆரம்பித்தார். அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே போனார்.

"என்னதான் மிச்சம்?" என்று மனைவி லோர்னா எட்டிப் பார்த்தாள்.

"முதல்ல 'அன்பு நண்பர்களே'. கடைசில 'நன்றி'."

"நடுவுல?"

"பனி."

"அங்க மட்டும் வெயிலா கொளுத்துது? ஜன்னல் வழியா பாரு, அவன் கூரைலயும்தான் பனி."

பனியையும் அடித்தார். அறுபத்தெட்டு வயதில் முதல்முறையாக அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. உள்ளே ஒன்றுமே இல்லையோ?

விருந்தன்று எல்லோரும் ஈரப் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டுக் காலுறையோடு உட்கார்ந்திருந்தார்கள். மரே மைக் முன்னால் நின்றார். வாயைத் திறந்தார். வழக்கமான பெயர் தொண்டை வரை வந்தது, விழுங்கினார். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம். மரியாதை தெரிந்த சனங்கள் தட்டிலிருந்த பட்டர் டார்ட் என்ற இனிப்புப் பலகாரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது நிமிடம், கண் கலங்க, "சாரி" என்றார். போய் உட்கார்ந்துவிட்டார். ஆயுளில் அவர் பேசிய ஒரே உண்மையான பேச்சு அது. பாவமாகத்தான் இருந்தது.

மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது! கிளெண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து மைக்கைப் பிடித்தாள்.

"பாத்தீங்களா! இதுதாங்க கனடா! என்ன அடக்கம்! இதே ஒரு அமெரிக்கனா இருந்தா, மைக்கை விடாம ஒரு மணி நேரம் பேசியிருப்பான்!"

புதுக் குடிமக்கள் பாடம் பிடிபட்டதுபோலத் தலையாட்டினார்கள். மரே மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்து டார்ட்டைக் கடித்தார். அடுத்த வருடத்து ஐந்து நிமிடமும் அவருக்கே.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். 'நல்லவேளை, நான் இந்த மரே மாதிரி இல்லை' என்றுதானே நினைத்தீர்கள்? மரேயும் அந்த மாதிரிதான் ஆரம்பித்தார்.