அம்பாசிடருக்குப் புது காயில்

அந்த அம்பாசிடரை இனி வாசலைத் தாண்ட விடுவதில்லை என்று உலகநாதன் சபதம் எடுத்துவிட்டார். பாகூர் ஏரிக்கரை ரோட்டில் ஒரு கரும்பு டிராக்டர் அதை உரசிவிட்டுப் போனதிலிருந்து அவருக்கு மனசே ஆறவில்லை. பிரசவமான பெண்ணைப் பார்த்துக்கொள்கிற மாதிரி அதைத் துடைத்துப் போர்த்தி வைத்திருந்தார்.

மனைவி கலியம்மாள் விடவில்லை. கிருத்திகைக்குக் கிருத்திகை ஆரம்பித்துவிடுவாள்.

“ஏங்க, மயிலம் முருகனுக்கு ஒரு வேண்டுதல் இருக்குதுங்க. நம்ம வண்டியிலயே போயிட்டு வந்துடலாம்.”

“கோயில் கோயிலா சுத்தவா இந்த வண்டிய வாங்கனேன்?”

“பின்ன இன்னா, போர்வை போத்தவா வாங்கனீங்க?”

உலகநாதன் தந்திரத்தில் இறங்கினார். எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற நல்ல இக்னிஷன் காயிலைக் கழற்றி நெல் மூட்டைக்கு அடியில் ஒளித்தார். என்றைக்கோ செத்துப்போன காயில் ஒன்றை அந்த இடத்தில் மாட்டினார். அவளையே சாவியைத் திருப்பச் சொன்னார். வண்டி இருமியதோடு சரி.

“காயிலு பூட்ச்சி, கலியம்மா. இப்பல்லாம் எங்கியும் கெடைக்காது.”

“அய்யோ பாவம்,” என்றாள். வண்டியைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

அடுத்த கிருத்திகை அன்று வில்லியனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பினார். தெருமுனையிலேயே அவர் வண்டியின் சத்தம் கேட்டது. ஓடினார். பானட் திறந்து கிடந்தது. கலியம்மாள் கையெல்லாம் கிரீஸ். பக்கத்தில் எதிர்வீட்டு இளவரசி. சேதராப்பட்டு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவள்.

“யாருடி காயில் மாட்டனது?”

“நான்தாங்க. இளவரசி போன்ல வேற கம்பெனி காயிலு ஒண்ணு வரவெச்சா.”

“ஒயர மாத்திக் குடுத்தா இன்னா ஆவறது?”

“அதான் கழட்டறப்பவே பிளஸ் ஒயருக்கு மஞ்சா, மைனஸ் ஒயருக்குக் குங்குமம். புதுசுலயும் அதே மாதிரி பொட்டு வெச்சிட்டுதான் மாட்டனேன். காயில புடிக்கற பட்டையில லூசா ஆடுச்சு. சைக்கிள் டியூப்ப வெட்டிச் சுத்தி முடுக்கிட்டேன்.”

“ஒனக்கு யாருடி சொல்லிக் குடுத்தா?”

“முப்பது வருசமா ஒங்களுக்கு டார்ச் லைட்டு புடிச்சனே, கண்ண மூடிக்கினா புடிச்சேன்?”

இளவரசி வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். உலகநாதனுக்குக் கோபம் வந்தது.

“அப்படி இன்னாதான்டி வேண்டுதல்?”

கலியம்மாள் கந்தல் துணியில் கையைத் துடைத்தாள்.

“போன வருசம் நெஞ்சு வலின்னு ஒங்கள ஆஸ்பத்திரில படுக்க வெச்சாங்கல்ல? மனுசன் எழுந்து வந்தா, அவரு உசுரா வெச்சிருக்கற வண்டியிலயே கூட்டினு வரேன்னு வேண்டிக்கிட்டேன்.”

உலகநாதன் தரையைப் பார்த்தார். பதினாலு கிருத்திகை. பதினாலு தரம் கேட்டாள். ஒரு தரமாவது எதற்கு என்று கேட்டிருக்கலாம்.

“கலியம்மா… அந்தக் காயிலு கெட்டுப் போவல. நான்தான்…”

“தெரியும். நெல்லு காயப்போட எடுத்தப்பவே பாத்தேன்.”

“அதையே மாட்டியிருக்கலாமே?”

“ஒளிச்சவரே எடுத்துக் குடுப்பாருன்னு பத்து நாளு பாத்தேங்க.”

டிராக்டர் உரசியபோதுகூட அவருக்கு இப்படி வலிக்கவில்லை. மெல்ல டிரைவர் பக்கம் போனார். அதற்குள் பானட்டைச் சாத்திவிட்டு இளவரசி அங்கே உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்து சீட்டில் அர்ச்சனைத் தட்டோடு கலியம்மாள். சத்தமில்லாமல் பின்னால் ஏறிக்கொண்டார்.

“ஏங்க,” என்றாள் கலியம்மாள், திரும்பாமலேயே. “கதவ மெல்ல சாத்துங்க. பழைய வண்டி.”