கேந்திப் பூ காட்டிய வழி

வழி தெரியாதவன் முன்னால் ஓடக் கூடாது. அப்படியே ஓடினாலும், பின்னால் வருகிறவர்களிடம் "என்னை நம்பி வராதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நான் சொல்லவில்லை. சொல்ல மூச்சு இல்லை.

அப்போது எனக்கு ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் வாத்தியார் வேலை. வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். ஐப்பசியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. பெண் செட்டியார்பட்டி. நிச்சயத்தன்று பெண்ணின் அண்ணன் என் வயிற்றைப் பார்த்து, "மாப்பிள்ளைக்குச் சாப்பாட்டுல ஒரு குறையும் இல்ல போலருக்கே" என்றார். (சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்புதான் சுட்டது.) மறுநாளே, ஆயுத பூஜை முடிந்து வரும் ஞாயிறன்று எங்கள் கல்லூரி நடத்தவிருந்த மலையடிவார ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். கல்லூரி வாசலில் கிளம்பி, அய்யனார் கோவில் ரோட்டில் போய், மாந்தோப்புகளுக்கு நடுவே மண்பாதையில் இறங்கி, கண்மாய்க்கரை வழியாகத் திரும்ப வேண்டும்.

அம்மாவுக்கு நான் ஓடுவதில் ஆட்சேபணை இல்லை. ஒன்றை மட்டும் சொன்னாள். "ஏலே, நிச்சயமான பையன் நீ. எழவு வீட்டுப் பக்கம் தல வச்சுக்கூடப் படுக்காத. எதுத்தாப்புல பாடை வந்தா வேற தெருவுல திரும்பிரு."

காட்டை ஒட்டிய இடம் என்பதால் வழி காட்ட பிளாஸ்டிக் ரிப்பன் கட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் பி.டி. மாஸ்டர் அதற்கு ஒரு யோசனை வைத்திருந்தார். "ஆயுத பூஜைக்கு வாங்குன கேந்திப் பூ மூட்டை மூட்டையா மிஞ்சிக் கெடக்கு. திருப்பத்துல எல்லாம் உதுத்து விட்டுருதேன். பூவைப் பாத்துத் திரும்புங்க." எல்லோரும் கை தட்டினோம். ரோட்டில் பூவை உதிர்த்துக்கொண்டு போகிற வேறு ஆட்களும் ஊரில் உண்டு என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ரோட்டில் ஓடும்வரை நன்றாகத்தான் இருந்தது. மேற்கே மலை மேல் மேகம் இறங்கிக் கிடந்தது. தோப்புக்குள் குளிர்ந்த காற்று. மண்பாதையில் இறங்கியதும் என் நெஞ்சு வேறு கதை பேச ஆரம்பித்தது. முன்னால் போனவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போனார்கள். பாதை பிரிந்த ஓர் இடத்தில் இடப்பக்கம் பூ கிடந்தது. மற்ற திருப்பங்களில் நாலு இதழ் கிடந்தால் அதிகம். இங்கே வழி நெடுக. மாஸ்டர் கை தாராளமாகிவிட்டது என்று நினைத்தேன். கூடவே பொரியும் கிடந்தது. பூஜைப் பொரியையும் சேர்த்துத் தீர்த்துவிட்டார் என்று நினைத்தேன். தூரத்தில் சங்குச் சத்தம் கேட்டது. ஓடுகிறவர்களை உற்சாகப்படுத்த என்று நினைத்தேன். (நினைக்கிறதுக்கு என்ன, எதை வேண்டுமானாலும் நினைக்கலாம்.) திரும்பிப் பார்த்தால் ஓட்டத்துக்குக் கொடுத்த ஆரஞ்சு பனியன் போட்ட ஒரு கூட்டமே என் பின்னால் வந்துகொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக நான் முன்னால் ஓடுகிறேன். வேகத்தைக் கூட்டினேன்.

தென்னந்தோப்பைத் தாண்டித் திரும்பினால் சுடுகாடு.

விறகும் எருவாட்டியும் அடுக்கி வைத்திருந்தார்கள். பாடையை இறக்கி வைத்துவிட்டு வேட்டிக்காரர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். பாடையில் ஒரு வயதான அம்மா. பக்கத்துக் கல்லில் கண் ஆபரேஷன் செய்த கறுப்புக் கண்ணாடியோடு ஒரு பெரியவர், அந்த அம்மாவின் புருஷன். என் காலடிச் சத்தம் கேட்டு எழுந்தார்.

"யாரது ஓடியாறது? வந்துட்டான்யா! எம்மவன் வந்துட்டான்!"

தடவிக்கொண்டே வந்து, வேர்வையோடு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். 'ஐயா, நான் அவன் இல்லை' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஹா ஹா என்று இரைப்புதான் வந்தது. அதை அழுகை என்று எடுத்துக்கொண்டு அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

ஆஜானுபாகுவான ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளிக் கூட்டிப்போனார். இறந்துபோன அம்மாவின் தம்பி.

"தம்பி, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. கும்பிட்டுக் கேக்கேன், வாயத் தொறந்துராதீக. மச்சான் நேத்துலருந்து பச்சத் தண்ணி பல்லுல படாம கெடக்காக. மவன் வந்தாத்தான் எரிக்கணும்னு பிடிவாதம்."

"மகன் எங்க?"

"திருப்பூர்ல. இஷ்டத்துக்குக் கல்யாணம் முடிச்சான்னு, எங்க பொணத்துக்குக்கூட வரக்கூடாதுன்னு சொல்லி மச்சான்தான் வெரட்டி விட்டாக. போன் போட்டேன். 'அவரு சொன்னபடியே நான் வரலைன்னு சொல்லிருங்க'ன்னு வச்சுட்டான். அத எப்படிய்யா இந்த மனுசன்கிட்டச் சொல்ல?"

நான் சொன்ன பதிலை இன்று நினைத்தாலும் கூசுகிறது. "எனக்கு ஐப்பசியில கல்யாணம்" என்றேன்.

"நல்லா இருப்பீக" என்றார். கையை விடவில்லை.

அதற்குள் ஆரஞ்சுக் கூட்டம் வந்து சேர்ந்தது. பாடைக்குப் பக்கத்தில் குடத்தைப் பார்த்துவிட்டு ஒரு மாணவன், "சார், தண்ணி இங்கதான் குடுக்காங்களா?" என்றான். அவன் வாயைப் பொத்தினேன். பெரியவர் காலடிச் சத்தங்களைக் கேட்டுத் தலையைத் திருப்பினார்.

"யாரெல்லாம் வாராக?"

"மவன்கூட வேலை பாக்கவுக மச்சான்" என்றார் தம்பிக்காரர்.

"இம்புட்டுப் பேரா!" பெரியவர் குனிந்து பாடையைத் தடவி அந்த அம்மாவின் காதருகே போனார். "ஏட்டி, கேட்டியா? வருவான் வருவான்னு சொன்னியே. வந்துட்டான். அம்புட்டுப் பேரையும் கூட்டிட்டு வந்துருக்கான்."

நெஞ்சில் நம்பர் ஒட்டிய ஆரஞ்சு பனியன்கள் வரிசையாக வந்து வாய்க்கரிசி போட்டன. தண்ணீர் கேட்ட மாணவன் தேம்பிக்கொண்டே போட்டான். அரிசியோடு முடிந்தது என்று நான் நகரப் பார்த்தபோது சவரக்காரர் பெட்டியைத் திறந்தார். மகன் என்றால் என்னென்ன செய்ய வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலை போனது. மீசை போனது. தோளில் குடத்தோடு சுற்றி வந்தேன். கொள்ளியைக் கையில் கொடுத்தபோது அந்த அம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தேன். பஸ்ஸுக்குக் காத்திருந்து கண் அசந்தவள்போல இருந்தாள். அழுதேன். யாரோ ஒருத்திக்காக அப்படி அழ முடியும் என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக் கதவைத் திறந்த அம்மா என் தலையைப் பார்த்துவிட்டு நிலையைப் பிடித்துக்கொண்டாள். சொன்னேன்.

"அடப்பாவி! பெத்தவ நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன், எவளுக்கோ கொள்ளி வச்சுட்டு வந்து நிக்கியே!" என்று வாசலிலேயே வைத்துத் தலையில் தண்ணீரைக் கொட்டினாள். தெரு முழுக்கக் கேட்டது. செட்டியார்பட்டி வரைக்கும் கேட்டிருக்க வேண்டும், சாயங்காலமே பெண்ணின் அண்ணன் போன் செய்து கல்யாணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளினார். ராத்திரி சோறு வைக்கும்போது அம்மா கேட்டாள்: "அந்த அம்மா பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை.

"பேரு தெரியாமயா கொள்ளி வச்சே?" இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். பொறவு, "பதினாறாம் நாளுக்குப் போயிட்டு வா. வச்சவன் பாதியில விடக் கூடாது" என்றாள்.

போனேன். பெரியவர் என்னைத் தனியே உட்கார வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார். பொய்யைத் தொடர முடியாமல், "ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"என்னத்தச் சொல்லப் போற? எம்மவன் தறியில கெடந்தவன். கையி சொரசொரன்னு காச்சுப் போயிருக்கும். ஒங்கையி பஞ்சு மாதிரி இருக்கு. கண்ணுதான் அவிஞ்சு போச்சு, பெத்த புள்ள கை தெரியாதா எனக்கு?"

"தெரிஞ்சுமா என்னைய..."

"அவன் வரமாட்டான்னு எனக்குத் தெரியும் தம்பி. வராதன்னு சொன்னவனே நாந்தான. வருவான்னு சொல்லிக்கிட்டே அவ உசுரு போச்சு. அந்நேரம் ஒருத்தன் மூச்சு எறைக்க எறைக்க ஓடியாறான். அவளுக்கு அது போதும்னு இருந்துச்சு." என் கையை அவர் விடவில்லை. "ஒனக்குத்தான் பாவத்தத் தேடி வச்சுட்டேன்."

அந்தப் பெரியவரும் போன வருஷம் போய்ச் சேர்ந்தார். தம்பிக்காரர் எனக்கும் போன் செய்தார். இந்த முறை பஸ்ஸில் போனேன். திருப்பூர்க்காரனும் வந்திருந்தான். ஓரமாக நின்றான். சவரக்காரர் பெட்டியைத் திறந்து, "யாரு உக்காரப் போறீக?" என்றார். அவன் என்னைப் பார்த்தான். கிட்ட வந்து என் கையைப் பிடித்தான். சொரசொரப்பான கை. "அம்மாவுக்கு நீங்கதானண்ணே உக்காந்தீக. நீங்களும் வாங்க" என்றான். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

வீடு திரும்பினால், இப்போது கம்பு ஊன்றி நடக்கிற அம்மா, வாசலில் என் பொண்டாட்டி பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அன்று அவள் கேட்டதைத்தான் எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் யாராவது ஒருவர் சொல்லிக் காட்டுகிறார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிறவள் அம்மாதான்.

"ஏலே, எனக்குன்னு வரும்போது ஒந்தலையில முடி மிஞ்சுமாடா?"