விருந்தாளி என்று போட்ட பெட்டி

பிரிக்பீல்ட்ஸ்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மச்சான் பக்கிரிசாமி அவர்களுக்கு, அர்ச்சுனன் தன் கைப்பட எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நேற்று மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை மட்டும் நலமாக இல்லை. கேரி தீவில் நீங்களும் தங்கச்சி புஷ்பவல்லியும் முழு நாளும் நலமாக இருக்க வேண்டும்.

எழுபத்தொரு வயதில் தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டது நல்லதுதான். ஆனால் படிக்கத் தெரிந்தால் கோபமும் வருகிறது. மருமகள் விஷ்ணுப்ரியா தன் கணினித் திரையில் எனக்கென்று ஒரு பெட்டியைத் திறந்து, "மாமா, இதுக்குள்ள மட்டும் எழுதிப் பழகுங்க, வெளிய போகாதீங்க" என்றாள். அதன் தலையில் "விருந்தாளி" என்று இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். நாற்பது வருடம் லோரி ஓட்டி வாங்கிய வீட்டில் நான் விருந்தாளியா? அதற்கப்புறம் அவளோடு பேசவில்லை. சோறு வைத்தால் மட்டும் "போதும்மா" என்றேன். விருந்தாளி அப்படித்தானே சொல்வான்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டிக்குள் எழுத்துப் பிழை திருத்தும் இலவச மென்பொருள் ஒன்று கண்ணில் பட்டது. எந்த ல, எந்த ள என்பதில் எனக்கு இன்னும் தகராறு. இறக்கினேன். நான் எழுதிய "பல்லிக்கூடம்" உடனே பள்ளிக்கூடம் ஆனது. நேற்று மதியம் திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு. உங்கள் கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டோம் என்று மிரட்டல். தமிழில்தான், அதிலும் மூன்று எழுத்துப் பிழை.

அந்தக் கணினியில்தான் எல்லோருடைய ஐசி அடையாள அட்டை, பேரனின் பிறப்புப் பத்திரம், என் இருதய ரிப்போர்ட், மருமகளின் அலுவலக வேலை எல்லாம் இருக்கின்றன. பேச்சை நிறுத்தியிருந்த நானே மருமகளுக்குப் போன் போட்டு அழுதேன். பூச்சோங் அலுவலகத்திலிருந்து ஓடி வந்தாள், பார்த்தாள், சிரித்தாள்.

"சிரிக்காதம்மா, குடும்பமே போச்சு!"

"ஒண்ணும் போகல மாமா. இது கம்ப்யூட்டருக்குள்ள பொய்யா ஒரு கம்ப்யூட்டர். நம்ம சாமான் எதுவும் இதுல இல்ல. வெளிய வர வழியும் வைக்கல. இந்த மாதிரி கண்டது வந்தா உள்ளயே சுத்திக்கிட்டு கெடக்கும்."

"அப்ப விருந்தாளின்னு போட்டது என்னைய இல்லையா?"

"அய்யோ மாமா, உள்ள இருக்கிற கம்ப்யூட்டருக்குப் பேரே அதான் லா!"

எதையோ அழுத்தினாள். பெட்டி போன வாரம் இருந்தபடியே திரும்பி வந்தது. சிவப்பும் இல்லை, மிரட்டலும் இல்லை. திருடன் பூட்டியது என் வீட்டுப்பாடத்தை மட்டும்தான். என் எழுத்தை ஒருவன் இவ்வளவு மதித்தது இதுதான் முதல் தடவை. நிம்மதி மச்சான், பெரிய நிம்மதி. நேற்று "போதும்மா" சொல்லாமல் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. உங்கள் கணினிக்கும் நீண்ட ஆயுள் கிடைக்கட்டும்.

நிம்மதியுடன்,
அர்ச்சுனன்

பி.கு.: உறையில் உங்கள் பெயரை எழுதும்போதுதான் நினைவு வந்தது. அந்த மென்பொருளை நீங்களும் இறக்கிக்கொள்ளுங்கள் என்று ஞாயிற்றுக்கிழமையே உங்கள் கைப்பேசிக்கு அனுப்பியிருந்தேன். உங்கள் கணினியில் உங்கள் மகள் தாராவின் கல்யாணப் படங்கள் உண்டு, விருந்தாளி கிடையாது. உடனே போன் செய்தேன். தங்கச்சி எடுத்தாள். "இப்பதான் அண்ணே எறக்குறாரு, நூத்துக்கு எண்பது வந்துருச்சாம்." "பிளக்கைப் புடுங்கு!" என்று கத்தினேன். எந்தப் பிளக் என்று நான் சொல்லவில்லை. தங்கச்சி பிடுங்கியதில் ஐஸ்பெட்டிதான் நின்றுவிட்டதாம், கணினி நிற்கவில்லை. விஷ்ணுப்ரியா காரை எடுத்துவிட்டாள். இந்தக் கடிதத்தை நேரிலேயே தருகிறேன். "நிம்மதி" என்று வரும் மூன்று இடங்களிலும் கோடு போட்டு அடித்திருக்கிறேன். எழுத்துப் பிழை என்று நினைத்துவிட வேண்டாம்.