பரண் கேட்ட கேள்வி

என் கையெழுத்து கோழி கிண்டின குப்பை மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதால் பிழைகளும் நிறையக் கிடக்கும். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸில் டீ போட்டுக் கொடுப்பது என் வேலை. அங்கே ஒரு மென்பொருள் உண்டு. எழுதியதைத் திருத்தத் திருத்த, ஒவ்வொரு பழைய பிரதியையும் பத்திரப்படுத்தி, கேட்டால் எடுத்துத் தரும். படமோ பொத்தானோ கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளை எழுத வேண்டும். பெயர் வாயில் நுழையாது. கட்டளைக்குப் பின்னால் ஒரு கோடு, ஓர் இங்கிலீஷ் எழுத்து. அது சின்ன எழுத்தானால் சேமிக்கும், பெரிய எழுத்தானால் அழித்துவிடும். (படித்த பிள்ளைகளே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார்கள். அன்றைக்கு டீ இரண்டு மடங்கு ஓடும்.)

இதை மாற்றியே தீருவது என்று இசக்கி என்ற பெண் ஆறு மாதம் பாடுபட்டாள். பெயர் 'பரண்' என்றாள். கட்டளைகள் 'வை', 'எடு', 'காட்டு'. சாத்தான்குளத்துக்காரரான மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டார். ஒன்றும் தெரியாத ஓர் ஆள், யார் உதவியும் இல்லாமல் இதில் எதையாவது வைத்து எடுத்துவிட்டால் புதுசு. இல்லாவிட்டால் பழசே இருக்கட்டும். ஒன்றும் தெரியாத ஆளுக்காக அவர்கள் வெளியே அலையவில்லை.

எல்லோரும் சுற்றி நிற்க, என்னைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். யாருக்குச் சீனி, யாருக்குச் சீனி இல்லாமல் என்ற பட்டியலை ஒற்றை விரலால் அரை மணி நேரம் எழுதினேன். பிறகு 'பரண் வை' என்று கொடுத்தேன்.

'இதை வைக்கட்டுமா?' என்று திரை கேட்டது.

'வேண்டாம்' என்று எழுதினேன்.

அது பேசாமல் இருந்தது. நானும் காத்திருந்தேன். இசக்கி துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். மறுபடி 'பரண் வை' கொடுத்தேன். மறுபடி கேட்டது. மறுபடி 'வேண்டாம்' என்றேன். மேனேஜர் எழுந்துவிட்டார்.

"போதும்மா இசக்கி. பழசே இருக்கட்டும்."

அவள் கண் கலங்கிவிட்டது. "அண்ணாச்சி, வைன்னு நீங்கதான சொன்னீங்க. பெறவு எதுக்கு வேண்டாம்ங்கீங்க?"

வாயைத் திறக்காமல் இருபது வருடம் டீ கொடுத்தவன், அன்று திறந்தேன். "மொதத் தடவையே சரின்னுட்டா, இதுக்காவே காத்துக் கெடந்த மாதிரி ஆயிரும்லா? மூணாந் தடவை கேட்டா சரிங்கலாம்னு இருந்தேன்."

"என்னவே, கம்ப்யூட்டர் என்ன உம்ம சம்பந்தி வீடா?" என்றார் மேனேஜர். ஆபீஸே சிரித்தது.

இசக்கி மட்டும் சிரிக்கவில்லை. "சார், அண்ணாச்சி மேல தப்பு இல்ல. வைன்னு சொன்னவர்ட்ட வைக்கட்டுமான்னு நாம எதுக்குக் கேக்கணும்? அழிக்கச் சொன்னா மட்டும் கேட்டாப் போதும்லா?"

"சரி, அத எடுத்துட்டுக் காட்டு" என்றார் மேனேஜர். பிறகு உட்கார்ந்தார். இசக்கி அங்கேயே அந்தக் கேள்வியை நீக்கினாள். நான் வைத்தேன், எடுத்தேன், காட்டினேன். பரண் நிலைத்தது.

ஆயுத பூஜைக்கு ஆபீஸுக்கு வந்த என் மனைவியிடம் இசக்கி இதை ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். அதிலிருந்து எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் மனைவி முந்திக்கொள்கிறாள்: "இவுகளக் கேக்கக் கூடாது மதினி. பேசாம வச்சிரணும்."

வைத்துவிடுகிறார்கள். நிஜமாகவே வயிறு முட்டிப்போய் வேண்டாம் என்று கும்பிட்டாலும் இலையில் வந்து விழுகிறது.

எழுதி முடித்தது: தீபாவளிக்கு மறுநாள் மத்தியானம், சுக்குக் கஷாயம் குடித்துவிட்டு.