முள்ளு அண்ணாச்சியின் பானெட்டில் இரண்டு ஓட்டை

உலகத்தில் நடக்கிற எல்லாக் கெடுதலுக்கும் ஒரே காரணம், உள்ளே இருக்கிற சூடு வெளியே போக வழியில்லாததுதான் என்று மனப்பூர்வமாக நம்பும் ஒரே மனிதர் எங்கள் முள்ளு அண்ணாச்சி. புருஷன் பெண்டாட்டி சண்டை, மாடு உதைப்பது, பஞ்சாயத்தில் ஆட்சி கவிழ்வது எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே மருந்துதான். "ஒரு வழி விட்டுப் பாரு, எல்லாம் சரியாப் போவும்டே" என்பார்.

சொல்வதோடு நிற்கவும் மாட்டார். குடையின் உச்சியில் ஓட்டை போட்டு, எங்கள் மலையூரான சாந்தன்பாறையின் மழையில் நனைந்துகொண்டே தலை குளுகுளுவென்று இருப்பதாகப் பெருமைப்பட்டவர் அவர். மனைவி ரோஸி மதினியின் தூக்குவாளி மூடியில் ஆணி அடித்து வைத்தார். அன்று மதினி ஏலத்தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சாம்பார் முழுக்கச் சேலையில் இருந்தது.

நான் அப்போது ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் கணக்குப் பிள்ளை. அவர் வீடும் என் வீடும் ஒரே முற்றத்தில். காலையில் தொழிலாளிகளை ஜீப்பில் தோட்டத்துக்கு ஏற்றிப் போய்ச் சாயங்காலம் இறக்கிக் கொண்டுவருவது அவர் தொழில். ஓட்டும்போது சாலையைப் பார்ப்பதைவிட எஞ்சின் சூட்டைக் காட்டும் வெப்பமானியின் முள்ளைப் பார்ப்பதுதான் அதிகம். "சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டால், "முள்ளு பாதியில நிக்கி" என்று பதில் வரும். அவருடைய ஞானஸ்நானப் பெயர் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகம்தான்.

அப்படிப்பட்டவருக்குத்தான் அந்த அவமானம் நடந்தது. திருநாள் அன்று மாதா சொரூபத்தை மலை உச்சியில் சிலுவை நட்ட குருசடிக்கு ஏற்றிப் போவது கல்யாணமான வருஷத்திலிருந்தே அண்ணாச்சியின் ஜீப்தான். ஜெபமாலை சொல்லி, பாட்டுப் பாடி நடக்கிற சனங்களுக்கு நடுவில், அவர்கள் வேகத்திலேயே, முதல் கியரில் செங்குத்தாக ஏற வேண்டும். காற்றே உள்ளே போகாது. அந்த வருஷம் கொண்டை ஊசி வளைவில் ரேடியேட்டர் கொதித்து ஆவி பறந்தது. மாதாவை இறக்கி, பின்னால் வந்த புது ஜீப்பில் ஏற்றினார்கள். அந்தப் புது ஜீப் மதினியின் சொந்தத் தம்பி சேவியருடையது.

"அடுத்த தடவையும் கொதிச்சா, அப்புறம் சேவியர் வண்டியே போகட்டும்" என்று பங்குச் சாமியார் தன்மையாகத்தான் சொன்னார். அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. மதினி புருஷனுக்காக அழுவதா, தம்பிக்காகச் சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் இரண்டு பேரையும் திட்டினார்.

ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார், விசிறியை மாற்றினார், குழாய்களை மாற்றினார். வெறும் வண்டியை நடை வேகத்தில் ஏற்றிப் பார்த்தால் முள் மறுபடியும் சிவப்புக்குப் போனது. கடைசியில்தான் கண்டுபிடித்தார். "தம்பி, எஞ்சினுக்கு மேல மூடிய போட்டு அமுக்கி வச்சிருக்கோம். சூடு எங்கடே போவும்? பானெட்ட வெட்டணும்."

வண்டியில் ஓட்டை போட்டால் ஆர்டிஓ ஆபீசில் பிடிப்பார்களே என்று கேட்டேன்.

"மூக்குல ஓட்டை இல்லாம உம்மால மூச்சு விட முடியுமா? அவுங்க வந்து கேக்கட்டும், நான் பதில் சொல்லுதேன்."

எந்த இடத்தில் வெட்டுவது என்று கண்டுபிடிக்க பானெட் முழுவதும் கோழி இறகை ஒட்டினார். எந்த இறகு மேலே எழும்புகிறதோ அந்த இடத்தில் காற்று வெளியே வரப் பார்க்கிறது என்று அர்த்தமாம். அவர் ஜீப்பை உருட்ட, நான் பக்கத்திலேயே ஓடி ஓடி இறகுகளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எதிரே வந்த கிழவி ஒருத்தி நின்று சிலுவை போட்டுக்கொண்டு, "கோழி நேர்ச்சையா மக்கா?" என்று கேட்டாள். மூச்சு வாங்கியதில் நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

வெட்டுகிற அன்று முற்றத்தில் பழைய மெத்தையை விரித்து, பானெட்டைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டார். அடியில் குறுக்கே ஓடுகிற பட்டைகளைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டார். பட்டையில் வெட்டு விழுந்தால் பானெட் அப்பளமாக நெளிந்துவிடும். பிறகு நிமிர்த்தி, அட்டையில் வெட்டிய அளவை வைத்து, பெயிண்ட் உரியாமல் சுற்றிலும் டேப் ஒட்டி, மூலைகளில் துளை போட்டார். கட்டிங் மெஷினைக் கையில் எடுத்ததும் தொப்பியைக் கழற்றி அரை நிமிஷம் கண்ணை மூடினார்.

"ஏங்க, இன்னொருக்கா அளந்துட்டு வெட்டுங்க" என்றார் மதினி.

"காலம்பற இருந்து அளந்துட்டுத்தான் இருக்கேன். இனி அளந்தா அட்டை தேஞ்சிரும்."

தீப்பொறி பறந்தது. மதினி காயப் போட்டிருந்த போர்வையிலும் இரண்டு ஓட்டை விழுந்தது. அதுவும் நல்லதுக்குத்தான் என்று அண்ணாச்சி சொல்ல வாயெடுத்து, மதினியின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார். வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து, துருப் பிடிக்காமல் ரெட் ஆக்சைடு அடித்து, ஆன்லைனில் வந்திருந்த, 'வெண்டு' என்கிற கறுப்புக் காற்றுப்போக்கி இரண்டையும் போல்ட் போட்டு முடுக்கினார்.

அதில் பலகை பலகையாகச் சரிந்த இடுக்குகள் இருந்தன. பெட்டியின் மேல் இருந்த படத்தில் இடுக்குகள் வண்டியின் முன் கண்ணாடிப் பக்கம் பார்த்திருந்தன. அண்ணாச்சி முன்பக்கம் பார்த்து மாட்டியிருந்தார். சொன்னேன். "படம் எடுத்தவன் கண்ணாடிக்குள்ள பாத்து எடுத்திருப்பான்" என்றார். பக்கத்து ஊர் பூப்பாறை வரை போய்த் திரும்பியபோது அந்தச் சாலையின் புழுதி அத்தனையும் எஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தது. புழுதியைத் துடைத்துவிட்டு, வெண்டுகளைக் கழற்றித் திருப்பி மாட்டினார்.

திருநாள் வந்தது. மாதா சபைப் பெண்கள் நீலப் பட்டுத் துணியும் செவ்வந்தி மாலையுமாக வந்து பானெட்டை மூட ஆரம்பித்தார்கள். அண்ணாச்சி ஓடிவந்து வெண்டுகளின் மேல் இரண்டு கையையும் விரித்துப் படுத்துக்கொண்டார்.

"மூடாதீய! மூச்சு முட்டிரும்!"

"மாதாவ மொட்டை வண்டியிலயா கொண்டு போவணும்?" என்றாள் ஒருத்தி.

வழக்கு முற்றி, கடைசியில் மதினி துணியை நடுவில் கிழித்து வெண்டு இரண்டுக்கும் வழி விட்டார். வெண்டுக்குப் பின்னால், கண்ணாடிக்கு முன்னால், தகரத் தட்டில் நீள நீளமான மெழுகுதிரிகளை வரிசையாகக் குத்தி வைத்தார்கள்.

நான் முன் சீட்டில். என் வேலை முள்ளை வாசிப்பது. பின்னால், தேவைப்பட்டால் ஏற்றிக்கொள்ள, சேவியரின் புது ஜீப் சத்தமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

"முள்ளு?"

"பாதி, அண்ணாச்சி."

முதல் ஏற்றத்திலேயே காற்றில் திரிகள் அணைந்துவிட்டன. வெண்டு மட்டும் சூட்டைக் குபுகுபுவென்று ஊதியது. முள் பாதிக்கு மேலே கொஞ்சம் போய் அங்கேயே நின்றது. அண்ணாச்சியின் முகத்தில் மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது. அப்படியே கொண்டை ஊசி வளைவுக்கு வந்தோம்.

அங்கேதான் மெழுகுதிரிகள் இளகி, ஏற்றத்துக்குத் தக்கபடி ஒவ்வொன்றாகப் பின்பக்கம் சாய்ந்தன. பின்னால் இருந்தது மாதா சொரூபம்.

"எம்மா! மெழுகுதிரி எல்லாம் குனிஞ்சு மாதாவக் கும்புடுது!" என்று கூவினாள் அன்றைக்குக் கோழி நேர்ச்சையா என்று கேட்ட அதே கிழவி. "அற்புதம்! மாதா செஞ்ச புதுமை!"

முன்னால் போன கூட்டம் திரும்பிப் பார்த்தது. சாலை முழுக்க முழங்காலில் விழுந்தது. ஜீப் ஒரு அடி நகர வழியில்லை.

"எந்திரிங்கய்யா! அது புதுமை இல்ல, வெண்டுல வர்ற சூடு!" என்று கத்தினார் அண்ணாச்சி.

"வெண்டாவது கிண்டாவது! நீயும் எறங்கி முழங்கால்ல நில்லு!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

நின்ற இடத்தில் எஞ்சின் உறுமியது. "முள்ளு?" என்றார். "முக்கால்" என்றேன். மறுபடி கேட்டார். முள் சிவப்பின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. நான் அதை உள்ளங்கையால் மறைத்தேன். அவர் என் கையை விலக்கித் தானே பார்த்துக்கொண்டார். பின்னால் சேவியர் தன் ஜீப்பின் பின்கதவைத் திறந்து வைத்தான்.

அப்போது கூட்டத்துக்கு நடுவிலிருந்து ரோஸி மதினி எழுந்தார். "மாதாவ உச்சி வெயில்ல நிறுத்தி வச்சுட்டு என்ன செபம் வேண்டிக் கெடக்கு? நடங்க மேல!" என்று ஒரு அதட்டல் போட்டுப் பாட்டை எடுத்தார். மதினி பாட்டெடுத்தால் மலையே நகரும். சனம் எழுந்து நடந்தது. அண்ணாச்சி ஆக்சிலேட்டரை மிதிக்க, விசிறி வேகம் பிடித்து, வெண்டு வழியாக அத்தனை சூடும் புஸ்ஸென்று வெளியே போனது. முள் ஒரு மயிரிழை இறங்கியது. நான் சிறு பிள்ளை போலக் கத்தினேன்.

உச்சிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொதிக்காமல் போய்ச் சேர்ந்தோம். அண்ணாச்சி பானெட்டைத் திறந்து வைத்து, கையில் துணியோடு பக்கத்தில் நின்றார். யாராவது கேட்டால் விளக்கலாம் என்று. எல்லோரும் தட்டிலிருந்த வளைந்த மெழுகுதிரிகளைப் பிய்த்துக்கொண்டு போனார்கள். சாமியார் பிரசங்கத்தில் மாதாவுக்கு நன்றி சொன்னார். வெண்டின் பெயர் வரவில்லை. துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நின்ற நிலையைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

கடைசியாக சேவியர் வந்தான். மெழுகுதிரியைத் தேடவில்லை. பானெட்டை மெதுவாக மூடி, வெண்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"அத்தான், நல்லா ஊதுது. என் வண்டிக்கும் ரெண்டு வெட்டித் தாரீகளா?"

அண்ணாச்சி தோளில் கிடந்த துணியை எடுத்து வெண்டைத் துடைத்தார். பிறகு, "மெத்தை இருக்கு. வண்டியக் கொண்டா மாப்ள" என்றார்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகச் சாந்தன்பாறைக்குப் போயிருந்தேன். பஸ் ஏற்றிவிட அண்ணாச்சியே ஜீப்பை எடுத்தார். வெப்பமானிக்குப் பக்கத்தில் ஒரு வளைந்த மெழுகுதிரி ஒட்டியிருந்தது.

"என்ன அண்ணாச்சி, புதுமையா?"

"போடே. வெண்டு வேலை செஞ்சதுக்கு அத்தாட்சி."

சொல்லிவிட்டு, சாவியைத் திருப்புமுன் அதைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். நான் பார்க்காததுபோல வெளியே பார்த்தேன்.

"முள்ளு?" என்றார், பழைய பழக்கத்தில்.

"கீழ கெடக்கு அண்ணாச்சி, சுகமா" என்றேன். அதற்கு அவர் சிரித்த சிரிப்புக்காகவே இன்னொரு தடவை மலை ஏறலாம்.