ஒரு பக்கத்துக்குள் குருவிநத்தம்

“என் பேரு எங்கடி?”

மகாலட்சுமி கம்ப்யூட்டர் திரையில் மூக்கு இடிக்கும்படி குனிந்து கேட்டாள். அவள் அமுதத்தின் ஓரகத்தி. பாகூர் கடைத்தெருவில் மணிவண்ணனின் டிடிபி கடை வழக்கமாகக் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் இடம். இன்று அமுதத்தின் ஆய்வேடு.

‘பாகூர் கொம்யூனின் கழனிப் பெயர்கள்’ முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கமாக அச்சாகி மேசைமேல் இருந்தது. கொம்யூனின் கிராமம் கிராமமாக அலைந்த ஒன்பது வருட வேலை. நன்றியுரை மட்டும்தான் பாக்கி. மாலை நான்கு மணிக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. இனி நீட்டிப்பு கிடையாது என்று கடிதமே வந்துவிட்டது.

“இருக்கீங்கக்கா. இதோ, ‘குடும்பத்தார், ஊரார் அனைவருக்கும்’.”

“நான் ஊராரா?”

“குடும்பத்தார்க்கா.”

“குடும்பத்தார்னா உன் நாத்தனாரும்தான் வருவா. அவ ஒரு டம்ளர் தண்ணி குடுத்திருப்பாளா? ஒம்பது வருசம் சனிக்கிழமையானா ரெண்டு வூட்டுக்கும் சேத்து ஒல வெச்சவ நானு.”

உண்மைதான். அமுதம் பெயரைச் சேர்க்கச் சொன்னாள். அதற்குள் பக்கத்து வீட்டுத் தையலம்மாள் வந்தாள். புதன்கிழமைதோறும் அமுதத்தின் மகள் கீதாஞ்சலியைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வந்தவள். அவள் பின்னாலேயே அன்புராஜ். டிராக்டரில் ஏற்றிக்கொண்டு கழனி கழனியாகக் காட்டியவன். பதினொரு மணிக்குள் கடை வாசலில் அவர்கள் ஊரான குருவிநத்தத்தின் பாதி நின்றது.

ஆராய்ச்சிப் புத்தகத்தில் இப்படி ஒரு பக்கம் உண்டென்று இவர்களுக்கெல்லாம் யார் சொன்னது? அமுதம் மணிவண்ணனை முறைத்தாள்.

“சத்தியமா நான் இல்லக்கா. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்.”

கேட்டவர்கள்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். ஒவ்வொரு முகத்தைப் பார்க்கும்போதும் ஒரு நாள் நினைவுக்கு வந்தது. கரும்பு வெட்டு நேரத்தில்கூட உட்கார்ந்து பேசியவர்கள். ‘இந்தக் கழனிக்கு ஏன் இந்தப் பேரு?’ என்று நூறு தடவை கேட்டாலும் சிரிக்காமல் பதில் சொன்னவர்கள். தனக்கு வாய்த்த மனிதர்கள் எல்லாம் எப்படி இவ்வளவு நல்லவர்கள் என்று அவள் பல நாள் வியந்திருக்கிறாள். தன் ஜாதகத்தில் அப்படி ஏதோ இருக்கிறது என்றே நம்பினாள்.

அப்போதுதான் சிங்காரவேலு உள்ளே வந்தார். மகாலட்சுமியின் கணவர், அமுதத்தின் மூத்தார். ஊரில் எந்தப் பத்திரிகையும் அவர் கண்ணில் படாமல் அச்சுக்குப் போகாது.

“இன்னாப்பா மணி, வரிசையே இல்ல? பெரியவங்க மேல வரணும். அப்புறம் தாய்மாமன். கடைசியில மழலைங்க.”

“மாமா, இது கல்யாணப் பத்திரிகை இல்ல.”

“இதுல ஒரு பேரு வுட்டுப்போனா சண்டை வருமா, வராதா?”

அமுதம் வாசலைப் பார்த்தாள். “வரும்.”

“அப்ப பத்திரிகைதான்.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் நன்றியுரை இரண்டரைப் பக்கம் ஆனது. வழிகாட்டிப் பேராசிரியர், தாய்மாமன்களுக்கும் மழலைகளுக்கும் நடுவில் எங்கோ நின்றுகொண்டிருந்தார்.

“மாமா, ஒரு பக்கத்துக்கு மேல போனா வாங்கமாட்டாங்க. ஆபீஸ்ல கண்டிப்பா சொல்லியிருக்காங்க.”

“எழுத்தைச் சின்னதாக்கு.”

மணிவண்ணன் சின்னதாக்கினான். இன்னும் சின்னதாக்கினான். ஒரு பக்கத்துக்கு வந்தது. சிங்காரவேலு தாளைத் தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார்.

“என் பேரு எறும்பு மாதிரி ஓடுது. பெருசாக்கு.”

பெரிதாக்கினால் பக்கம் வழிந்தது. பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்தார்கள். இப்போது தையலம்மாள் பெயருக்கு நேரே அன்புராஜ் பெயர் வந்து விழுந்தது. இருவருக்கும் வரப்புத் தகராறு. நான்கு வருடமாகப் பேச்சில்லை.

“அவன் பக்கத்துல என் பேரா? இங்கயும் வந்து ஒட்டிக்கினு நிக்கிறான் பாரு!”

“யக்கா, நானா வந்தேன்? மணி அண்ணன் வெச்சாரு.”

“அதானே, வரப்பும் தானாத்தான் நகந்துச்சு!”

நடுவில் கோடு ஒன்று போட்டுத்தான் இருவரையும் சமாதானப்படுத்த முடிந்தது. அந்தக் கோடு பத்திகளைக் குறுக்கியதில் ஒரு நீளப் பெயர் மடிந்து இரண்டு வரியானது. அதனால் கடைசி வரி அடுத்த பக்கத்துக்குத் தாவியது.

மணி ஒன்று நாற்பது.

“ஒரே ஒரு வரிக்கா. யாரையாச்சும் எடுத்துட்டா கிளம்பிடலாம்.”

யாரை? வாசலில் எல்லாரும் நின்றார்கள். அந்தத் தாவிய வரியை அமுதம் படித்தாள்: ‘என் கணவர் திரு. ராசு’.

ராசு வெளியே பைக்கில் சாய்ந்து நின்றான். காலையிலிருந்து அப்படித்தான். நடுவில் ஒரு தடவை எல்லாருக்கும் டீ வாங்கி வந்து கொடுத்தான். அவன் பெயர் எங்கே என்று அவன் மட்டும் கேட்கவில்லை. பேசாத மனிதன். அவள் ஆய்வுக்குப் பதிவு செய்த நாளில் இரண்டு மணி நேரம் பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து பழைய ஆய்வேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தான். “என்ன படிச்சீங்க?” என்று ஆசையாகக் கேட்டாள். “சும்மா. பேருங்க” என்றான். அவ்வளவுதான். ஒன்பது வருடத்தில் அவள் என்ன எழுதுகிறாள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஊரே வந்து உட்கார்ந்து பேசியது, இவனைத் தவிர. அந்தச் சின்ன முள் அவளுக்குள் வெகு நாளாக இருந்தது.

“இந்த வரிய எடுத்துடு, மணி.”

“அக்கா!”

“கேக்காதவரு அவரு ஒருத்தர்தான்.”

சொன்ன கையோடு வெட்கமாக இருந்தது. ஆனால் பக்கம் ஒன்றாகிவிட்டது.

அச்சும் பைண்டிங்கும் முடிந்து பைக் பல்கலைக்கழகத்தை அடைந்தபோது மணி மூன்று ஐம்பது. அவள் ஓடினாள். அலுவலகத்தில் எழுத்தர் பக்கங்களைப் புரட்டி நன்றியுரையில் நின்றார். இரண்டு பத்தி, நடுவில் கோடு, நாற்பத்தேழு பேர்.

“ஒரே பக்கம்தானே?”

“ஒரே பக்கம்தான் சார்.”

அவர் பெருமூச்சுவிட்டு முத்திரை குத்தினார். “வைவா முடிஞ்சு கெட்டி அட்டையில குடுக்கறப்போ ஏதாச்சும் திருத்தம் இருந்தா பண்ணிக்குங்க.”

“ஒண்ணும் இருக்காது சார்.”

ரசீதை மார்போடு பிடித்துக்கொண்டு பல்கலைக்கழக வாசலுக்கு வந்தாள். ராசு வண்டி எடுக்கப் போயிருந்தான். காவலாளி அந்தோணிசாமி எழுந்து நின்றார். நூலகத்திலிருந்து அவள் ஓடி வரும்வரை ஊருக்குப் போகும் பஸ்ஸை எத்தனையோ நாள் கையைக் காட்டி நிறுத்தி வைத்தவர். அவரைப் பார்த்ததும் அவளுக்குத் திக்கென்றது. நாற்பத்தேழு பேரில் இவர் இல்லை.

“குடுத்தாச்சாம்மா?”

“குடுத்துட்டேங்க.”

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “என் பேரும் வந்திருக்குதாம்மா?”

அமுதம் விழித்தாள். “உங்களுக்கு யாருங்க சொன்னது?”

“உங்க வூட்டுக்காரர்தான். நீங்க சேந்த அன்னைக்கே இங்க வந்து நின்னு, ‘அண்ணே, ஒத்தாசை பண்ணவங்க பேருக்குன்னே புத்தகத்துல ஒரு பக்கம் இருக்குது, நான் பாத்துட்டேன், எங்க வூட்டுல ஓடியாற வரைக்கும் பஸ்ஸ நிறுத்தி வைங்க, உங்க பேரும் வரும், எங்க ஊர்லயும் ஒவ்வொருத்தரா இதையேதான் சொல்லிக்கினு வரேன்’னாரே!”